மூலையில் ஒரு கீறல்

அக்காவை நான் முதலில் பார்த்ததே ஒருவனைக் கன்னத்தில் அறைகிற நேரத்தில்தான். தாராவியில் சாக்கடை நாலாவை ஒட்டிய ஒரு சந்து. புயல் கடலோரமாகப் போகிற போக்கில் அந்தச் சந்தின் கூரைத் தகரங்களில் பாதிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. சந்தின் வாயில் நிவாரணச் சாமான் ஏற்றிய டெம்போ நின்றது. வீட்டுக்கு ஒரு தார்ப்பாய், அரிசி, பருப்பு, எண்ணெய். வரிசையில் முந்தப் பார்த்த ஒரு ஆள் அக்காவின் தோளை இடித்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை மட்டும் போயிற்று. அந்தச் சத்தத்தில் வரிசை முழுக்க நேரானது. அறை வாங்கியவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே கடைசியில் போய் நின்றான். யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. 

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புயலோ வெள்ளமோ வந்தால் சாமான் கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம். கொடுத்தது போய்ச் சேர்ந்ததா, உபயோகப்பட்டதா, வாங்கும்போது மரியாதையாக நடத்தினார்களா என்று பின்னாலேயே போய்க் கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கோஷ்டி. மதிப்பீடு என்று அதற்குப் பெயர். வீடு மூழ்கினவனிடம் போய் எங்கள் அரிசி ருசியாக இருந்ததா என்று கேட்கிற வேலை என்று என் அப்பா கேலி செய்வார். நான் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேச வரும் என்பதால் தாராவியின் தமிழ்ச் சந்துகளை எல்லாம் ஆபீஸில் என் தலையில் கட்டிவிட்டார்கள். பேச வரும் என்று நினைத்ததும் அந்த முதல் நாளோடு சரி. அக்கா பேசிய திருநெல்வேலித் தமிழில் பாதி எனக்கு எட்டவில்லை. வசவுகள் மட்டும் எல்லாம் புரிந்தன.

சந்துப் பெண்களுக்கு அவர் அக்கா, எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் தேடி வந்து என் கன்னத்திலும் ஒன்று வைப்பார்.

அறையைவிட, அடுத்து அவர் செய்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அவர் தோல் பை தைக்கிற கார்கானாவில் வேலை செய்தவர். தோல் அறுக்கிற கத்தி ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். டெம்போவிலிருந்து தார்ப்பாய் கைக்கு வந்ததும், அதன் மடிப்பில் ஒரு முனையை மட்டும் பிரித்து, அந்தக் கத்தியால் ஒரு சாண் நீளத்துக்குச் சர்ரென்று கீறிவிட்டுத்தான் உரியவர் கையில் கொடுத்தார். அரிசிப் பையின் வயிற்றில் ஒரு குத்து. அதைக் கொண்டுவந்த பாத்திரத்தில் அங்கேயே கொட்டிக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பாக்கெட்டுக்கும் அதே கதி. புத்தம் புதுச் சாமானை ஒருத்தி வரிசையாகக் குத்திக் கிழித்துக்கொண்டிருக்கிறாள், கொடுக்க வந்தவர்கள் டெம்போவின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

“முழுசா இருந்தா கடைக்குப் போயிரும் ஆபீஸம்மா. கீறல் விழுந்தாத்தான் வீட்டுல கெடக்கும். கைய எடுங்க.”

எடுத்துவிட்டேன்.

விஷயத்தைச் சந்துப் பெண்கள் எனக்கு விளக்கினார்கள். அதற்கு முந்தைய வெள்ளத்தில் இதே மாதிரித் தார்ப்பாய்கள் வந்தன. காலையில் வாங்கியதைச் சாயங்காலத்துக்குள் ஆண்கள் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். மெயின் ரோட்டில் ஒரு வியாபாரி இருந்தான். கம்பெனி மடிப்புக் கலையாமல் இருந்தால் எதையும் வாங்கிக்கொள்வான், பிரித்ததையும் கிழிந்ததையும் தொடமாட்டான். விற்ற காசு சாராயமாகிவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும் சிமெண்ட் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகுதான் அக்காவை முன்னால் நிறுத்துவது என்று ஆனது. அவர் கத்தியோடு போய் நின்றார். டெம்போவோடு வருகிறவர்கள் பார்த்ததை மேலே சொல்வதில்லை, அதனால் ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இந்தச் சந்தில் மட்டும் வரிசையில் தள்ளுமுள்ளு இல்லை என்பது ஒன்றுதான் தெரியும்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. தரம் பார்க்க எங்கள் ஆபீஸிலிருந்து வந்த இருவர் நாலைந்து வீடுகளில் தார்ப்பாயைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே மூலையில் ஒரே அளவில் கிழிசல். அப்படியானால் இது இயந்திரக் கோளாறுதான் என்று முடிவு கட்டி, தயாரித்த கம்பெனிக்குக் கடுமையாக ஒரு கடிதம் போட வேண்டும் என்றார்கள். சந்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண், ஆமாம் சார், மோசமான கம்பெனி என்று தலையாட்டியதோடு டீயும் வாங்கிக் கொடுத்தாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்காவின் வீட்டுக்குப் போனால் நேரான பாத்திரம் ஒன்றைப் பார்க்க முடியாது. குடம், அண்டா, தூக்குச்சட்டி எல்லாவற்றிலும் ஒரு நசுங்கல். வாங்கிக்கொண்டு வந்த அன்றே கல்லால் ஒரு போடு போட்டுத்தான் அடுப்படிக்குள் விடுவார். அவருடைய புருஷன் இருந்த காலத்தில், கல்யாணத்துக்கு வந்த ஏனங்களை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனானாம். நசுங்கியதற்குக் கடைக்காரன் விலை சொல்ல மாட்டான் என்பதை அவர் கண்டுபிடித்தது அப்போதுதான். கடைசியில் மிச்சமிருந்தது காதில் போட்டிருந்த கம்மல். அவன் அதைக் கழற்றச் சொல்லிக் கேட்கவில்லை, இழுத்தான். வலது காது மடல் இரண்டாகப் பிளந்து அப்படியே ஆறிப்போயிருந்தது. தைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். எதற்கு, இப்போது இந்தக் காதில் எவனும் கை வைக்க மாட்டானே என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தில் சீர்வரிசையாக வைத்திருந்த பளபளக்கும் அண்டாவை, சபையில் எல்லாரும் பார்க்கவே தூக்கித் தரையில் அடித்தாராம். பெண்ணின் தாய் அக்காவின் தலைமுடியைப் பிடிக்க, அக்கா அவளுடைய கையைக் கடிக்க, மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்து விலக்கினார்கள். அந்தப் பெண் இப்போதும் அந்த நசுங்கின அண்டாவில்தான் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் முகத்தில் ஒரு திருப்தி வரும்.

தார்ப்பாய் வியாபாரிக்கு இதெல்லாம் பிடிக்குமா. விநியோகம் முடிந்த மறுநாள் காலையில், பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் மண்டையில் அவனுடைய ஆட்கள் இருவர் இரும்புக் குழாயால் அடித்தார்கள். நான் போனபோது குழாயடிக் கல்லில் ரத்தம் தண்ணீரோடு கலந்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பல் கிடந்தது. அவை அக்காவுடையவை அல்ல என்று ஒரு பெண் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். அவர் தன் வாசற்படியில் உட்கார்ந்து, துணியில் காப்பித்தூளை வைத்து மண்டையில் அழுத்திக்கொண்டிருந்தார். ரவிக்கை முதுகுவரை நனைந்து சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் பதறினேன்.

“ஒருத்தனுக்குப் பல்லு போச்சு. இன்னொருத்தன் இனிமே வலது கையால சோறு திங்க மாட்டான்,” என்றார். கத்தரிக்காய் விலை சொல்கிற குரல். நிறைந்த குடத்தைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டிருக்கிறார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பயம் வந்ததும் அன்றைக்குத்தான். மனிதர்களை இவ்வளவு லேசாக அடித்து உடைக்கிறவர், தப்பான ஆளை உடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ரயிலில் நின்றுகொண்டிருந்தபோதுதான், அவர் ஏற்கெனவே அப்படி ஒன்று செய்துவிட்டாரோ என்ற சந்தேகம் வந்தது. முந்தின நாள் வரிசையில் நடந்தது அது. என் கண்முன்னால்தான் நடந்தது.

கைவண்டி இழுக்கிற ஒரு இளைஞன். போன வெள்ளத்தில் முதல் ஆளாகத் தார்ப்பாயை விற்றவன், பிறகு பெண்டாட்டியின் கொலுசையும் விற்றவன் என்று சந்து முழுக்க அவனுக்குப் பெயர். அவன் முறை வந்ததும், மடிப்புக் கலையாத தார்ப்பாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“சித்தி, இந்த ஒண்ண மட்டும் கிழிக்காதிய. நான் குடிய விட்டுட்டேன். வீட்டுல பச்ச உடம்புக்காரி பிள்ளையோட கெடக்கா.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போன வெள்ளத்திலும் இதையேதானே சொன்னாய் என்றார் அக்கா. அவன் விடவில்லை. அவர் இழுத்தார், அவன் இழுத்தான். சிரிப்பு கூடியது. அக்காவுக்கு வெறி ஏறிவிட்டது. மூலையைப் பிரிக்காமல், மடித்திருந்த மேனிக்கே நடுவில் கத்தியை இறக்கி ஒரே இழுப்பு இழுத்தார். அவனுடைய விரலும் கிழிந்தது. மடிப்பில் விழுந்த வெட்டு என்ன செய்யும் என்று தெரியுமல்லவா. விரித்தால் அந்த ஒரு வெட்டு பாய் முழுக்கப் பல வெட்டாக இருக்கும். அவன் ரத்தம் சொட்டுகிற கையாலேயே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

பிறகு மழை வந்தது. நாலா பொங்கிச் சந்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தது. வடிந்த சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, நான் என் கேள்விகளோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டாவது முறையும் தார்ப்பாய் கொடுப்பதாக இருந்தது. அதையும் பழைய ஏற்பாட்டின்படியே, அக்காவை முன்னால் வைத்தே கொடுக்கலாமா என்பதை என் மதிப்பீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சாமான் வாங்கும்போது உங்களை யாராவது அடித்தார்களா, திட்டினார்களா என்று ஒரு கேள்வி உண்டு. எந்த ஊரிலும் அதற்கு இல்லை என்றுதான் பதில் வரும். இங்கே எல்லாரும் உற்சாகமாக ஆமாம் என்றார்கள். அடிக்காவிட்டால் எங்களுக்கு எப்படிக் கிடைத்திருக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். இதை நான் ஆபீஸில் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது.

அந்த இளைஞனின் வீட்டுக்கு வந்தேன். அவன் இல்லை. பெண்டாட்டி மட்டும், ஈரமில்லாத ஒரே மூலையில் குழந்தைத் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மேலே தார்ப்பாய். வெட்டுகளின் மேல் ரெக்சின் துண்டுகளை வைத்துப் பசையால் ஒட்டி, ஊசி நூலால் தைத்தும் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு ஒட்டிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. கீழே வைக்கப் பாத்திரம் போதாமல் சொட்டுகள் நேராகத் தரையில் விழுந்தன. குழந்தை எங்கே என்று கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நெஞ்சில் சளி கட்டி மூச்சு விட முடியவில்லை, மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார், நான் துணி எடுக்க வந்தேன் என்றாள். நான் எழுந்துவிடப் பார்த்தேன். அவள் விடவில்லை. கேட்க வேண்டியதைக் கேளுங்கள், எங்கள் வீடு விட்டுப்போய்விடக் கூடாது என்றாள். கேட்டேன்.

“நல்ல உதவியா இருந்துச்சுக்கா. தாட்பத்ரி கெட்டியா இருக்கு.”

தாட்பத்ரி என்று தார்ப்பாயைத்தான் சொன்னாள். ஒழுகவில்லையா என்றேன். என்ன கேள்வி அது. என் தலையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒழுவலயே,” என்றாள். அவள் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்து வழிந்தது. துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. நான் போகிற வீட்டுக்கெல்லாம் பின்னாலேயே வந்து வெளியே நிற்பது அக்காவின் வழக்கம். அன்றைக்கும் நின்றிருக்கிறார். உள்ளே வந்தார். மேலே பார்த்தார். ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பச்சை உடம்பு. அவள் சுவரில் போய் மோதினாள்.

“எதுக்குட்டி பொய் சொல்லுத? எனக்குப் பயந்தா?”

“உங்களுக்குப் பயந்து இல்ல. நல்லா இல்லன்னு சொன்னா அடுத்தது தர மாட்டாவளே...” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. எழுந்து வந்து அக்காவின் நெஞ்சில் குத்தினாள். இரண்டு கையாலும் குத்தினாள். முகத்தில் பிறாண்டினாள். எம்பிள்ள மூச்சு முட்டிக் கெடக்கு என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னாள். மண்டையில் ஆறாதிருந்த காயம் திறந்துகொண்டு அக்காவின் நெற்றியில் ரத்தம் இறங்கியது. அக்காவின் கை இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன. அந்தக் கைகள் மேலே எழாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். குறுக்கே போகக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் கை ஓய்ந்து தரையில் உட்கார்ந்த பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார்.

“எழுதும்மா. நல்ல பாய நான்தான் கொலக் குத்தாக் குத்திக் கெடுத்தேன். இப்ப இவள அடிச்சதையும் எழுது. இனிமே என்னய அங்கன நிறுத்தாதிய.”

எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தாலும் அவர் வந்து நின்றிருக்க மாட்டார்.

இரண்டாவது விநியோகம் பார்க்க அழகாக இருந்தது. ஒரே நிறத்தில் கோட்டுப் போட்ட இளைஞர்களும் பெண்களும் வந்தார்கள். டோக்கன் கொடுத்தார்கள், வயதானவர்களுக்கு நாற்காலி போட்டார்கள், ஒவ்வொருவரையும் ஜி போட்டு அழைத்தார்கள். ஒரு அடி இல்லை, ஒரு வசவு இல்லை. மடிப்புக் கலையாத தார்ப்பாய் ஒவ்வொரு கைக்கும் போயிற்று. ஆபீஸில் எல்லாருக்கும் பரம சந்தோஷம். சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்கு நடந்தபோது, மெயின் ரோட்டு வியாபாரியின் கடை வாசலில் நீலத் தார்ப்பாய்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவனுடைய ஆள் ஒருவன் இடது கையால் அவற்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரயிலை விட்டுவிட்டு மறுபடி சந்துக்குத் திரும்பினேன்.

அக்காவின் வாசலில் பெண்கள் கூடி நின்று ஏசிக்கொண்டிருந்தார்கள். நீ இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் எங்கே போய் ஒளிந்துகொண்டாய் என்று கேட்டார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றி வீசினாள். அது அவர் தோளில் பட்டு மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பை வாருக்குத் தோல் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. நானும் ஏதோ சொல்லத்தான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எதிர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பெண்கள் கலைந்த பிறகு அந்தக் கைவண்டி இளைஞன் வந்தான். குழந்தை பிழைத்து அன்று காலைதான் வீட்டுக்கு வந்திருந்தது. அவன் கக்கத்தில் புதுத் தார்ப்பாய், மடிப்புக் கலையாமல் இருந்தது. வாசற்படியில் அதை வைத்து, ஒரு மூலையை மட்டும் பிரித்தான்.

“சித்தி, ஓரத்துல ஒண்ணு போட்டு விடுங்க.”

“போயிருல. எங்கிட்ட வராத.”

“கடக்காரன் வீட்டுக்கே வந்து கூப்புட்டுட்டான். முழுசா இருந்தா இன்னைக்கு இல்லன்னாலும் நாளைக்கு நானே கொண்டு போயிருவேன். என்னய எனக்குத் தெரியும்.”

அக்கா அறுத்துக்கொண்டிருந்த தோலைக் கீழே வைத்தார். கத்தியை எடுத்து அந்த மூலையில் வைத்தார். கை போகவில்லை. இரண்டு பேரின் எலும்பையும் பல்லையும் உடைத்த கை, ஒரு பிளாஸ்டிக் பாயின் மேல் அப்படியே நின்றது. கடைசியில் கத்தியைத் திருப்பி, பிடியை அவன் பக்கம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். விரலில் பழைய வெட்டின் தழும்பு தெரிந்தது. பாயை முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டு கீறினான். ஒரு சாண் தாண்டியும் அவன் கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா அவன் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று வைத்தார்.

“போதும்ல. பிள்ள தலைக்கு மேல விரிக்கது.”